பழைய உழவு இயந்திரத்தின் புகைக்குழாய்ப் பகுதிகளை வீட்டிலேயே செப்பனிடுதல்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வயல்வெளிகளில் உழவு இயந்திரம் இன்றி வேளாண்மை இல்லை என்னும் நிலை ஏற்பட்டு நெடுங்காலமாகிவிட்டது. 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் கீழ்நிலங்களை வந்தடைந்தது. அதன் பின்னர் எருமைகள் மிதித்த சேற்றை இயந்திரங்கள் உழத் தொடங்கின. மூன்று சிலிண்டர் கொண்ட பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்ட மெசி பெர்கசன் 35 உம், 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த 135 உம் கமக்காரர் நன்கறிந்த மாதிரிகளாகும். ஒழுங்காகப் பேணப்பட்ட இத்தகைய இயந்திரங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து, இன்றும் உழைத்து வருகின்றன.

இவ்வாறான பழைய இயந்திரங்களில் எண்ணெய் மாற்றுதல், வடிகட்டி மாற்றுதல் ஆகியவற்றைக் கமக்காரர் தவறாது செய்வர். ஆயின் எஞ்சினின் பக்கத்தே பொருத்தப்பட்டிருக்கும் புகைக்குழாய்ப் பகுதிகளை எவரும் எளிதில் கவனிப்பதில்லை. அவற்றில் கசிவு ஏற்பட்டாலும் உழவு உடனே நின்றுவிடாது. இழுவையும் பெரிதாகக் குறையாது. “சத்தந்தானே” என்று அது விடப்படுகின்றது. கேஸ்கட் ஒன்றை மாற்றுவதோடு முடியவேண்டிய வேலை, இவ்வாறு விடப்படுவதனால், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் பெருஞ்செலவாகவும், சில வேளைகளில் தீயாகவும் நோயாகவும் முடிகின்றது.

இவ்வேலை வீட்டிலேயே செய்யத்தக்கது. அதற்குப் பலம் வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்குமே வேண்டும். 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது, உதிரிப்பாகங்களை உரிய வேளையிற் பெறுவதன் அருமையை யாவரும் கண்டனர். உள்ள பாகத்தைக் கெடாமற் காப்பதே மலிவான வழி என்பதனை அக்காலம் நன்கு உணர்த்தியது.

1. புகைச்சேர் குழாய் என்பது யாது?

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசல் எரிந்தபின் வெளிவரும் புகையை ஒன்றுசேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாயே புகைச்சேர் குழாய் ஆகும். பட்டறைகளில் இதனை ‘மெனிபோல்ட்’ என்பர். இது ஸ்டட்களாலும் நட்களாலும் சிலிண்டர் ஹெட்டுடன் பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே வெப்பந்தாங்கும் மெல்லிய கேஸ்கட் இருக்கும். மெனிபோல்டின் வாயில் சைலன்சர் பொருத்தப்பட்டிருக்கும்.

கடும் உழவின்போது இதனூடாகச் செல்லும் புகையின் வெப்பம் 500 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். உலர்ந்த வைக்கோலோ 300 பாகைக்கும் குறைந்த வெப்பத்திலேயே கருகித் தீப்பற்றக்கூடியது. இவ்விரு எண்களையும் மனத்திற் கொண்டால், இப்பகுதியிலுள்ள சிறு கசிவும் ஏன் அற்பமன்று என்பது விளங்கும்.

2. பழுதுக்குக் காரணங்கள்

(அ) விரிதலும் சுருங்குதலும்: வார்ப்பிரும்பு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் தன் நீளத்தில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் பதினொரு பங்கு விரியும். 40 சதமமீற்றர் நீளமுள்ள மெனிபோல்ட் 400 பாகை சூடேறினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மில்லிமீற்றர் நீளும். அது பிணைக்கப்பட்டுள்ள ஹெட், நீரினாற் குளிர்த்தப்படுவதால், அதில் ஒரு சிறு பங்கே நீளும். ஆகவே மெனிபோல்ட் ஹெட்டின்மீது சிறிது வழுக்கி நகரல் வேண்டும். அதற்கென்றே அதன் துளைகள் ஸ்டட்டைவிடச் சற்றுப் பெரிதாகத் துளைக்கப்பட்டுள்ளன. நட்கள் ஒன்று இறுகியும் ஒன்று தளர்ந்தும் இருந்தால் இந்நகர்வு தடைப்பட்டு, மெனிபோல்ட் வளையும், அல்லது வெடிக்கும்.

(ஆ) திடீர்க் குளிர்ச்சி: உழவு முடிந்தவுடன் சேற்றைக் கழுவுவதற்காகச் சூடான எஞ்சின்மீது வாய்க்கால் நீரை வாரி ஊற்றுதல் கூடாது. சூடான வார்ப்பிரும்பு அதனால் வெடிப்புக் காணும்.

(இ) உப்புக்காற்று: கரையோர ஊர்களிற் கடற்காற்றிலுள்ள உப்பு, துருப்பிடித்தலை விரைவுபடுத்தும். பெயின்ற் பூச்சு எரிந்துபோன மெனிபோல்டின் நட்களும் சைலன்சரின் மெல்லிய தகடும் முதலிற் பாதிக்கப்படும். கடலை அண்டிய கொட்டிலில் நிறுத்தப்படும் இயந்திரத்துக்கு, உள்நாட்டு இயந்திரத்திலும் கூடுதலான கவனம் வேண்டும்.

(ஈ) மழைநீர்: மேல்நோக்கி நிற்கும் சைலன்சரை மூடாது விட்டால், மாரிகாலத்தில் நீர் உள்ளே இறங்கிப் புகைக்கரியுடன் கலந்து குழாயை அரிக்கும். திறந்திருக்கும் வால்வின் வழியாகச் சிலிண்டருக்குள்ளும் சென்று எஞ்சினை இறுகச் செய்யும்.

(உ) அதிர்வு: வரம்பேறி இறங்கும்போது உயரமான சைலன்சர் ஆடும். அதற்குத் தாங்கு கம்பி இல்லையாயின், அவ்வாட்டம் முழுவதும் மெனிபோல்டின் வாயைத் தாக்கும்.

3. கசிவை அறியும் விதம்

குளிர்ந்த எஞ்சினைக் காலையில் இயக்கும்போது ‘டிக் டிக்’ என்னும் சத்தம் பக்கவாட்டிற் கேட்டு, எஞ்சின் சூடேறியபின் அது குறையுமாயின், கசிவு மெனிபோல்டின் இணைப்பில் உள்ளதெனப் பெரும்பாலும் கொள்ளலாம். இரும்பு விரிந்து இடைவெளியை அடைப்பதனாலேயே சத்தம் குறைகின்றது. பழுது நீங்கிவிட்டது என்று எண்ணுதல் தவறாகும்.

இணைப்பின் ஓரத்திற் கரிய கோடு படிந்திருத்தல் மற்றோர் அறிகுறியாகும். ஐயமிருப்பின், எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போது சவர்க்கார நீரை இணைப்பிற் பூசி, எஞ்சினை இயக்கிய உடனே பார்த்தல் வேண்டும். கசிவுள்ள இடத்தில் நுரை பொங்கும். கையை வைத்துப் பார்த்தல் ஆகாது. தளர்ந்த சாரனையும் சேலைத் தலைப்பையும் விசிறிக்கு எட்டாதவாறு ஒதுக்கிக் கட்டிக்கொள்ளல் வேண்டும்.

சத்தம் எஞ்சினின் மேற்புறத்திலிருந்து வருமாயின், அது தளர்ந்த இன்ஜெக்டரினால், அல்லது வால்வு இடைவெளி மிகுந்தமையால் ஏற்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் மெனிபோல்டைக் கழற்றுதல் வீண்வேலையாகும்.

4. கசிவைப் பொருட்படுத்தாமையால் வரும் கேடுகள்

எஞ்சினுக்கு: சூடான புகை ஒரே இடத்தில் இடைவிடாது பாய்வதால், கேஸ்கட் எரிந்தபின் ஹெட்டின் முகமும் அரிக்கப்படும். முகம் அரிக்கப்பட்டபின் புதிய கேஸ்கட்டும் நில்லாது. ஹெட்டைக் கழற்றிப் பட்டறையில் மட்டம் செய்வித்தலே வழியாகும். அருகிற் செல்லும் மின்கம்பிகளும் வெப்பத்தால் உருகக்கூடும்.

வயலுக்கும் வீட்டுக்கும்: களவெட்டியில் உழவு இயந்திரத்தை ஓட்டிச் சூடடித்த வழக்கம், அறுவடை இயந்திரங்கள் வந்தபின் பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் வைக்கோல் ஏற்றுதல், நெல் ஏற்றுதல் ஆகியவற்றின்போது பதரும் வைக்கோல் தூசும் மெனிபோல்டின்மேற் படியவே செய்கின்றன. கசிவினூடு வெளிவரும் தணற்பொறி அதிற் பட்டால், நிலைமை நொடியில் மாறும். கிடுகினால் வேய்ந்த வாடியினுள்ளோ, வைக்கோற் போரின் அருகிலோ சூடான இயந்திரத்தை நிறுத்துதல் பேராபத்தாகும். ஒரு பெரும்போகத்தின் விளைச்சலும் அதனை ஈட்டித்தந்த இயந்திரமும் ஒரே மாலையில் அழிய இதுவே போதும்.

உடலுக்கு: உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என 2012 ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. சைலன்சரின் மேல்நுனியில் வெளியேற வேண்டிய புகை, கசிவினால் சாரதியின் முகத்துக்கு நேரே வெளியேறுகின்றது. அடைத்த கொட்டிலில் எஞ்சினை இயக்கினால், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவும் சேரும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி என்பன அதன் முதல் அறிகுறிகளாகும்.

5. ஆயத்தம்

சிறுபோக அறுவடைக்கும் பெரும்போக உழவுக்கும் இடைப்பட்ட வாரங்களே இவ்வேலைக்கு உகந்த காலமாகும். உழவு தொடங்கும் நாளுக்கு முந்திய நாளிற் கைவைத்தல் ஆகாது. ஸ்டட் ஒன்று முறிந்தாற் பட்டறைக்குச் சென்றுவரவும், பாகம் ஒன்று கிடையாதாயின் அதனைத் தேடவும் நாட்கள் வேண்டும்.

தேவையான பொருள்கள்: அளவுக்குச் சரியான வளைய ஸ்பானர் அல்லது ஆறுமுகச் சொக்கட், கம்பித் தூரிகை, சுத்தியல், கூரிய உளி, தட்டையான அரம், நேரான உருக்கு அடிமட்டம், இடைவெளி அளக்கும் பீலர் தகடுகள், எமரித் தாள், பழந்துணி, கண்ணாடிக் கவசம், கையுறை என்பனவாம். புதிய கேஸ்கட், நட், வொஷர் ஆகியவற்றைக் கழற்றுமுன்னரே வாங்கி வைத்தல் நன்று. தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டாபே நிறுவனமும் மெசி பெர்கசன் மாதிரிகளை ஆக்கி வருவதால், கடைகளில் ஒன்றுக்கொன்று ஒத்த தோற்றமுடைய பாகங்கள் உண்டு. எஞ்சினின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு சென்று, பழையதைப் புதியதன்மேல் வைத்து ஒப்பிட்டே வாங்குதல் வேண்டும். பழைய பெர்கின்ஸ் எஞ்சின்களின் மரைகள் அங்குல அளவிலானவை. மில்லிமீற்றர் அளவு நட்டைப் பலவந்தமாக ஏற்றினால், ஸ்டட்டின் மரை அழியும்.

நட்களுக்குப் பித்தளையிலானவை கிடைப்பின் அவையே சிறந்தவை. அவை துருப்பிடித்து இறுகுவதில்லை.

6. கழற்றும் முறை

முதல் நாள் மாலையில், எஞ்சின் குளிர்ந்தபின், பெற்றரியின் இணைப்பை அகற்றி, மேல்மூடியைக் கழற்றல் வேண்டும். ஒவ்வொரு ஸ்டட்டின் வெளி மரையையும் கம்பித் தூரிகையாற் சுத்தஞ்செய்து, துரு இளக்கும் எண்ணெயை நட்டின் அடியில் இடுதல் வேண்டும். அது கிடையாதவிடத்து, டீசலுடன் சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்து இடலாம். இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மீண்டும் இட்டு, நட்டின் தலையை இலேசாகத் தட்டுதல் வேண்டும். இத்தட்டுதலே எண்ணெயை உள்ளே இறக்கும்.

காலையில் சைலன்சரை முதலிற் கழற்றல் வேண்டும். பின்னர் நட்டை இளக்குமுன், மிகச் சிறிது இறுக்கும் திசையில் அசைத்துப் பார்த்தல் நன்று. துரு உடைந்து நட் அசைந்தால், கால் சுற்று இளக்கி, அரைக்கால் சுற்று இறுக்கி, மீண்டும் எண்ணெய் இட்டு, இவ்வாறு முன்னும் பின்னுமாகக் கழற்றல் வேண்டும். ஸ்பானரின் நுனியிற் குழாய் மாட்டி நீட்டி இழுத்தல் ஆகாது. நட் திரும்பும்போது அதனுடன் ஸ்டட்டும் முறுகித் திரும்புகின்றதா எனக் கண்ணாற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். முறுகுமாயின் அவ்விடத்தே நிறுத்தி, மீண்டும் ஊறவிடல் வேண்டும்.

இவ்வளவிலும் அசையாத நட்டுக்குத் தீச்சுடர் காட்டுதல் பட்டறையில் வழக்கமாகும். வீட்டில் அதனைச் செய்யலாகாது. மேற்கூறிய மாதிரிகளில் டீசல் தாங்கி மேல்மூடியின் கீழ், எஞ்சினுக்கு மேலேயே அமைந்துள்ளது. இடப்பட்ட எண்ணெயும் எரியும். இதற்கு மாறாக, சைலன்சரைக் கழற்றுமுன் எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி நிறுத்தி, கை பொறுக்கும் அளவுக்குச் சூடு இறங்கியபின் கழற்ற முயலலாம். அதிலும் இணங்காவிடின், நட்டின் ஒரு பக்கத்தை அரத்தாலும் உளியாலும் பிளந்து எடுத்தல் வேண்டும். நட் மலிவு, ஸ்டட் அருமை, ஹெட் அதனினும் அருமை. மலிவானதை இழந்து அருமையானதைக் காத்தலே இவ்வேலையின் முதல் விதியாகும்.

ஸ்டட் முறிந்துவிட்டால், வெளியே துண்டு நீண்டிருப்பின் அதில் இரு நட்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, உள் நட்டைத் திருப்பி ஸ்டட்டைக் கழற்றலாம். முகத்தோடு முகமாக முறிந்திருப்பின், வீட்டில் துளையிட முயலுதல் நன்றன்று. துளை சரிந்தால் ஹெட்டின் மரை அழியும். ஆழம் மிகுந்தால் அதனுள்ளிருக்கும் நீரறை துளைபடும். அவ்வேலையை அனுபவமுள்ள பட்டறையிடம் ஒப்படைத்தலே சிக்கனமாகும்.

7. சுத்தஞ்செய்தலும் சோதித்தலும்

மெனிபோல்டை எடுத்தவுடன், ஹெட்டின் புகைவாயில்களைத் துணியால் அடைத்தல் வேண்டும். எத்தனை துணிகள் வைக்கப்பட்டன என்பதைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்து, பூட்டுமுன் எண்ணி எடுத்தல் வேண்டும்.

பழைய கேஸ்கட்டை உலர்ந்த நிலையிற் சுரண்டலாகாது. முற்காலத்துக் கேஸ்கட்களில் கல்நார் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் தூசு சுவாசப்பையிற் சென்று, பல ஆண்டுகளின் பின்னர் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். ஆதலின் நீரால் நன்கு நனைத்து, ஈரமாகவே மெதுவாகச் சுரண்டி எடுத்து, பொலித்தீன் பையிற் கட்டி அகற்றல் வேண்டும். மின் தூரிகை கொண்டு தேய்த்தலும், காற்றடித்து ஊதுதலும் விலக்கப்படவேண்டியன. சிறுவர் அவ்விடத்தில் நிற்றல் ஆகாது.

வெடிப்பைக் காண மூன்று எளிய சோதனைகள் உண்டு. மெனிபோல்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினால், வெடிப்பற்றது மணிபோல் ஒலிக்கும். வெடித்தது உடைந்த சட்டிபோல் ஒலிக்கும். இரண்டாவதாக, மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டித் தூளைப் பூசுதல் வேண்டும். வெடிப்பினுள் இறங்கிய மண்ணெண்ணெய் மீண்டும் கசிந்து, வெண்மையின்மேற் கோடாகத் தோன்றும். மூன்றாவதாக, புகைக்கரி படிந்த பாதையைப் பார்த்து, அது செல்லும் இடத்தை மீண்டும் ஆராய்தல் வேண்டும்.

முகம் மட்டமாக உள்ளதா என அறிய, உருக்கு அடிமட்டத்தை முகங்களின்மேல் நீளவாக்கில் நிமிர்த்தி வைத்து, இடைவெளியில் பீலர் தகட்டை நுழைத்துப் பார்த்தல் வேண்டும். அனுமதிக்கப்பட்ட அளவு, ஆக்கியோரின் கைநூலிற் கூறப்பட்டிருக்கும். கைநூல் இல்லாவிடின், 0.25 மில்லிமீற்றர் தகடு நுழையுமாயின் பட்டறையில் மட்டஞ்செய்விப்பதே தகும். அதனிற் குறைந்த மேடுகளை, தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் எமரித் தாளை விரித்து, மெனிபோல்டின் முகங்கள் யாவும் ஒருங்கே படும்வண்ணம் தேய்த்து நீக்கலாம். ஒரு முகத்தை மட்டும் அரத்தால் அராவுதல், அதனை ஏனையவற்றிலும் தாழ்வாக்கும்.

8. வெடிப்புக்கு வெல்டிங் செய்தல்

சாதாரண இரும்புக் கம்பியால் வார்ப்பிரும்பை ஒட்டினால், ஒட்டின் அருகே இரும்பு கடினமாகி, முதற் சூட்டிலேயே மீண்டும் வெடிக்கும். நிக்கல் கலந்த கம்பி வேண்டும். வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாமல் தடுத்தல் வேண்டும். முழுப் பாகத்தையும் முன்னதாகச் சூடாக்கி, சிறிது சிறிதாக ஒட்டி, மெதுவாகக் குளிரவிடல் வேண்டும். குளிரவிடுவதற்கு உலர்ந்த உமிச்சாம்பலினுட் புதைத்தல் நல்ல முறையாகும். உமிச்சாம்பல் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. அரிசி ஆலைகள் உள்ள ஊர்களில் அதற்குக் குறைவில்லை. ஒட்டியபின் முகம் வளைந்திருக்கும் ஆதலால், மீண்டும் மட்டம் பார்த்தல் இன்றியமையாதது.

வெடிப்பு ஒன்றுக்கு மேற்பட்டிருந்தாலோ, அது முகத்தின் குறுக்கே சென்றிருந்தாலோ, பாகத்தை மாற்றுவதே முறையாகும். வெடிப்பின்மேற் சீமெந்து பூசுதல், கேஸ்கட்டுக்குப் பதிலாக மட்டையையோ இறப்பர்த் துண்டையோ வெட்டி வைத்தல் ஆகியன சில மணி நேரமும் நில்லா. புகைக்குழாய்ப் பசையைச் சைலன்சர் இணைப்பில் மட்டுமே பயன்படுத்தலாம்.

9. மீண்டும் பூட்டுதல்

ஸ்டட்களின் மரைகளைத் துடைத்து, வெப்பந்தாங்கும் செப்புக் கிறீசை மெல்லிதாகப் பூசுதல் வேண்டும். அது இல்லாவிடத்து, பென்சிற்கரித் தூளைச் சிறிது எண்ணெயிற் குழைத்துப் பூசலாம். எண்ணெய் எரிந்துபோனாலும் கரி நின்று மரையைக் காக்கும். போகல, ககட்டகக ஆகிய இடங்களின் சுரங்கங்களிலிருந்து எடுக்கப்படும் இப்பொருள், இந்நாட்டுக்கே உரிய செல்வமாகும்.

கேஸ்கட்டை எண்ணெயோ பசையோ இன்றி, துளைகள் புகைவாயில்களுடன் நேராக அமையும்வண்ணம் வைத்தல் வேண்டும். அடைத்த துணிகளை எண்ணி எடுத்தபின், மெனிபோல்டை ஏற்றி, எல்லா நட்களையும் கையாலேயே முடிந்தவரை திருகல் வேண்டும். பின்னர் நடுவிலுள்ள நட்டில் தொடங்கி, இடமும் வலமுமாக மாறி மாறி ஓரங்களை நோக்கிச் சென்று இறுக்கல் வேண்டும். ஓரங்களை முதலில் இறுக்கினால், நடுவிலுள்ள சிறு வளைவு சிறைப்பட்டு, அவ்விடத்திலேயே கசிவு தோன்றும். முதற்சுற்றில் இலேசாகவும், இரண்டாஞ் சுற்றில் பாதியளவாகவும், மூன்றாஞ் சுற்றில் முழுமையாகவும் இறுக்கல் வேண்டும். கைநூலிற் குறித்த அளவுக்கு இறுக்க, அளவு காட்டும் ஸ்பானரைப் பட்டறையில் இரவல் பெறுதல் நன்று.

சைலன்சரைப் பூட்டி, தாங்கு கம்பியையும் மாட்டி, பெற்றரியை இணைத்து, கொட்டிலுக்கு வெளியே எஞ்சினைப் பதினைந்து நிமிடங்கள் இயக்கல் வேண்டும். புதிய கேஸ்கட் சூட்டில் அமுங்கும். ஆதலின் முற்றாகக் குளிர்ந்தபின் அதே ஒழுங்கில் மீண்டும் இறுக்கல் வேண்டும். முதல் நாள் உழவின் பின்னர், குளிர்ந்த நிலையில் மேலும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தல் வேண்டும். இம்மறு இறுக்கத்தை விட்டவர்களே, “புதிய கேஸ்கட்டும் நில்லாது போயிற்று” எனக் குறைகூறுவர்.

10. இரு சக்கர இயந்திரமும் நீரிறைக்கும் பம்பியும்

‘லேண்ட் மாஸ்டர்’ என மக்கள் வழங்கும் இரு சக்கர உழவு இயந்திரத்தில் ஒரு சிலிண்டரே உண்டு. ஆதலால் அதில் மெனிபோல்டுக்குப் பதிலாக ஒரு வளைகுழாயும் சைலன்சருமே இருக்கும். அதிர்வு மிகுதியாதலால் அதன் நட்கள் விரைவிற் கழன்றுவிடும். வாரம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அவற்றை இறுக்கிப் பார்த்தல் போதுமானது. நட் காணாமற்போனபின் கம்பியாற் கட்டி ஓட்டுதல் கூடாது.

மணற்பாங்கான கரையோர நிலங்களில் மிளகாய், கத்தரி, வெண்டி முதலிய மரக்கறிகளைச் செய்கைபண்ணுவோர் சிறு நீர்ப்பம்பிகளையே நம்பியுள்ளனர். நீர் மட்டம் இறங்கும் காலத்தில், பம்பியைக் கிணற்றினுள்ளோ, வெட்டிய குழியினுள்ளோ இறக்கி இயக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இஃது உயிருக்கு உலை வைப்பதாகும். பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் இயங்கும் எஞ்சின்கள், டீசல் எஞ்சினைவிடக் கூடுதலாகக் காபனோரொட்சைட்டை வெளிவிடும். காற்றோட்டமற்ற குழியினுள் அது சேர்ந்து நிற்கும். சைலன்சர் நல்ல நிலையில் இருந்தாலும் ஆபத்து ஒன்றே. பம்பியை நிலத்தின்மேல் வைத்தே இயக்கல் வேண்டும். ஒருவர் குழியினுள் மயங்கி விழுந்தால், உடனே பின்னால் இறங்குபவரும் மயங்குவார். எஞ்சினை மேலிருந்தே நிறுத்த முடியுமாயின் நிறுத்தி, அயலவரை அழைத்து, இறங்குபவரின் இடுப்பிற் கட்டிய கயிற்றை மேலே உள்ளோர் பற்றியிருக்க, காற்றோட்டம் உண்டாக்கிய பின்னரே இறங்குதல் வேண்டும். மயங்கியவரை மேலே கொணர்ந்தவுடன் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும்.

11. பேணும் முறை

நாளாந்தம்: வேலை முடிந்தபின் எஞ்சின் ஆறும்வரை வெளியில் நிறுத்தி, மெனிபோல்டின்மேற் படிந்த பதரையும் வைக்கோல் தூசையும் துடைத்தல் வேண்டும். சைலன்சரின் வாயைத் தகர மூடியால் மூடல் வேண்டும். காலையில் அதனை அகற்றிய பின்னரே எஞ்சினை இயக்கல் வேண்டும்.

போகந்தோறும்: நட்களைச் சோதித்து இறுக்கல் வேண்டும். சைலன்சரின் தாங்கு கம்பியைப் பார்த்தல் வேண்டும். உப்பும் சேறும் போக, குளிர்ந்த எஞ்சினை நன்னீராற் கழுவி உலர்த்தி, வெப்பந்தாங்கும் பெயின்ற் பூசுதல் வேண்டும்.

அறுவடைக் காலத்தில்: ஒரு வாளி மணலும், ஒரு பீப்பா நீரும், கிடைப்பின் ஒரு தீயணைப்புக் கருவியும் இயந்திரத்துக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். தீப்பற்றியபோது மெனிபோல்ட் வெடிக்குமே என்று நீரூற்றத் தயங்குதல் கூடாது. ஆயின் டீசல் எரியுமாயின் மணலையே போடல் வேண்டும்.

சுருக்கம்

1. குளிரிற் கேட்டுச் சூட்டில் மறையும் சத்தம் கசிவின் அறிகுறியாகும்.
2. நட்களை முதல் நாளே ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகக் கழற்றல் வேண்டும்.
3. டீசல் தாங்கியின் அருகில் தீச்சுடர் ஆகாது.
4. பழைய கேஸ்கட்டை ஈரமாகவே சுரண்டல் வேண்டும்.
5. முகம் மட்டமில்லாவிடிற் புதிய கேஸ்கட் பயன்தராது.
6. நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கி, குளிர்ந்தபின் மீண்டும் இறுக்கல் வேண்டும்.
7. அடைத்த கொட்டிலிலும் கிணற்றுக் குழியிலும் எஞ்சினை இயக்கலாகாது.

ஸ்டட் முறிந்த ஹெட், வளைந்த முகம், பல வெடிப்புகள் ஆகியவை பட்டறைக்குரியன. ஏனைய யாவும் கமக்காரர் தம் கொட்டிலிலேயே செய்துகொள்ளத்தக்கவை. பெரும்போக மழைக்கு முன்னர் இவ்வேலைக்கென ஒதுக்கப்படும் இரண்டு நாட்கள், விதைப்புக் காலத்தில் இயந்திரம் நின்றுபோய் இழக்கப்படும் நாட்களை மீட்டுத் தரும். மேலும் விளக்கம் வேண்டுவோர், தத்தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரை அணுகுதல் வேண்டும்.